பிடித்த கையை விடாத மத்தியானம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் கண் விழித்ததும் முதலில் கடவுளைக் கேட்கிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன், முழங்கால்தான் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ அனுப்பிய கம்பளிச் சட்டைக்குக் கை மட்டும் நீளம், மடித்துத் தைத்துக்கொண்டேன். மாடிவீட்டுக்காரி தினமும் எட்டிப் பார்க்கிறாள், இருக்கிறேனா என்று பார்க்கிறாளா போய்விட்டேனா என்று பார்க்கிறாளா தெரியவில்லை. குளியலறைக் குழாயை மூடினால் உன் அப்பா செருமுகிற மாதிரியே ஒரு சத்தம் வருகிறது. குழாய் என்று தெரியும், ஆனாலும் வந்துட்டேன் என்று குரல் கொடுத்துவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய சிஸ்டர், அப்பா போனதோடு நின்றுவிட்ட என்னைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் போவதற்கு முன்னால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், உட்கார்ந்து படி. ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிதில் பிரசவ வார்டில் பிறந்த பிள்ளைகளைத் துடைத்துச் சுற்றிக் கொடுத்தேன், அப்புறம் பல வருஷம் குழந்தைகள் வார்டு, கால் தளர்ந்த பிறகு யாருமில்லாமல் சாகிறவர்கள் பக்கத்தில் உட்காருகிற வேலை. உனக்குத் தெரிந்ததுதான். அந்தந்த வயசுக்கு என்ன முடியுமோ அதைக் கடவுள் எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன், கொஞ்சம் பெருமையாகவே நினைத்தேன். இப்படி உட்காருகிற எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு, பிடித்த கையைச் சும்மா விடக்கூடாது, இன்னொருவர் வந்து பிடித்த பிறகுதான் எழுந்திருக்கலாம்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு உன் பேரைச் சொல்லிக்கொண்டே போனார் என்று போனில் சொன்னேனே, அது பொய்யம்மா. நான் அங்கே இல்லை. அப்பா அதே ஆஸ்பத்திரியில் நாலாவது மாடியில் நெஞ்சுச்சளியோடு படுத்திருந்தார், நான் கீழே யாரோ ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் லிப்டுக்காரர் ஓடி வந்தார், நாங்கள் மேலேகீழே என்று கூப்பிடுவோமே, அவர்தான். அக்கா, வீட்டுக்காரருக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது, சீக்கிரம் போங்க, இவரை நான் பிடிச்சுக்கிறேன் என்றார். உனக்குப் பழக்கமில்லப்பா, மாத்துற பொம்பள இப்ப வந்துடுவா, வந்ததும் வரேன் என்று நான் சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். அவள் வர முக்கால் மணி நேரம் ஆனது. நான் மேலே போனபோது அப்பா முகத்தில் துணி போட்டிருந்தார்கள்.

நான் கையைப் பிடித்திருந்த அந்த மனிதர் சாகவில்லை. மறுநாள் கஞ்சி கேட்டாராம், பத்தே நாளில் நடந்து வீட்டுக்குப் போனாராம். போன மாசம் முடிவெட்டுகிற கடையில் அவரைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், கன்னத்தில் சோப்பு நுரையோடு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வெளியே வந்ததும் ரெண்டு தெரு பின்னாலேயே போனேன், எதற்கென்று எனக்கே தெரியாது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. உன் அப்பாவை விட அவர்தான் என் கனவில் அதிகம் வருகிறார், கையை நீட்டுகிறார், அவ்வளவுதான். நான் அன்றைக்குச் செய்தது கடவுள் வேலையா, என்னை விட்டால் யாருக்கும் தெரியாது என்கிற திமிரா என்று கடவுளிடமே கேட்டேன். 

போன வாரம் மேலேகீழே வீட்டுக்கு வந்தார். என்னிடம் சொல்லிவிட்டுப் போனவர் லிப்டை அப்படியே நிறுத்திவிட்டு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார், அதற்கு வேலையில் திட்டும் வாங்கியிருக்கிறார், இத்தனை நாள் என்னிடம் சொல்ல வாய் வரவில்லையாம். அப்பா கண்ணைத் திறந்து எங்கய்யா அவ என்று கேட்டாராம். கீழே ஒருத்தர் கையைப் பிடிச்சிருக்காங்க என்று இவர் சொல்ல, ஆம்பளையா பொம்பளையா என்றாராம். ஆம்பளைதான் என்றதும் உன் அப்பா சிரித்தாராம். இந்த வயசுல போய், அவளைப் பாரேன், சரி, அவ முடிச்சிட்டு வரட்டும், எனக்கென்ன அவசரம் என்றாராம். அப்புறம் பேசவில்லை.

நீ இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டு, ஆனால் பேசாமல் இருந்துவிடாதே. அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு இன்னொருவர் பக்கத்தில் போய் உட்கார முடியாது என்றுதான் எழுதுகிறேன். நீ உன் பிள்ளைகளிடமும் அதையே சொல்லி வைத்திருக்கிறாய். அதை மாற்றிச் சொல்லிவிடு. தாத்தா கடைசியாக ஒரு கேலி பண்ணிச் சிரித்தார், பக்கத்தில் ஒரு நல்ல மனுஷர் இருந்தார் என்று சொல்லு, அது பொய் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. பெரியவனுக்குக் கண் பரிசோதனை தள்ளிப் போடாதே. கடவுள் உங்கள் எல்லோரையும் தன் கைக்குள்ளேயே வைத்துக் காக்கட்டும். திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகிறேன், பகலில் போன் எடுக்கவில்லை என்றால் பயப்படாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா