ஜன்னல் ஏற்றிய காரில் பூங்கொத்து

பாப்பாவின் அப்பாவுக்கு,

பூக்கும் காலம் வந்தாலே பாப்பாவுக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியாததா? போர்வையை மொட்டைமாடியில் உலர்த்தாதீர்கள், விளையாடி வந்ததும் தலைக்குக் குளிப்பாட்டுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியாகிவிட்டது.

ஆனாலும் ஞாயிறுதோறும் உங்கள் வீட்டிலிருந்து கண் வீங்கித்தான் திரும்பி வருகிறாள். மருந்து கொடுத்து, ஈரத்துணியால் ஒற்றி, அவள் தேறுவதற்குள் அடுத்த ஞாயிறு வந்து தொலைக்கிறது.

நேற்றுதான் விஷயம் புரிந்தது. என் பேச்சைக் கேட்டு கார் ஜன்னலையெல்லாம் ஒழுங்காக ஏற்றிவிடுகிறீர்கள். உள்ளே, எனக்கென்று வழியோரத்தில் பறித்த பூங்கொத்தைக் குழந்தையின் மடியில் வைத்துவிடுகிறீர்கள்! உங்கள் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல?

"இப்படி அரிக்குதே, கீழ வைக்கக் கூடாதாடி?" என்று கேட்டேன்.

"கசங்கிட்டா நீ வாங்க மாட்டியே. அப்புறம் அப்பா எதைக் குடுத்து உன்னைச் சமாதானம் பண்ணுவாரு?" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று எழுத மாட்டேன்.

வாசலிலேயே குழந்தையை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்புகிறீர்களே, மாடிப்படி உங்களைக் கடித்தா விடும்? இனி அவள் கையில் எதையும் கொடுத்தனுப்பாதீர்கள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களே மேலே வாருங்கள்.

இன்னும் கோபம் தீராத,
பாப்பாவின் அம்மா