தேனீயின் நான்காம் பாகம்

ஜூன் 7

அன்பான அத்தைக்கு,

போனில் சொல்ல வேண்டிய செய்திதான். ஆனால் உங்கள் பேச்சை எடுத்தாலே அம்மா மிக்ஸியைப் போட்டுவிடுகிறாள். அதனால் கடிதம்.

எங்கள் நூலகத்தில் சிறுவர் பகுதிக்கு இந்த வருடம் ஒரு தேர்வுக் குழு வைத்திருக்கிறார்கள். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஐந்து பேர். அதில் நானும் ஒருத்தி! இனிமேல்தான் வெளிவரப்போகிற புத்தகங்களின் முன்பிரதிகள், அட்டைப்படம்கூட இல்லாமல், 'விற்பனைக்கு அல்ல' என்ற முத்திரையோடு எங்களுக்கு வரும். படித்துவிட்டு ஓட்டுப் போட வேண்டும். மூன்று ஓட்டு விழாத புத்தகம் அலமாரியில் ஏறாது. "வாங்கின பிறகு குறை சொல்ல ஊரே இருக்கு. வாங்கறதுக்கு முன்னால சொல்ல அஞ்சு பேர் போதும்" என்கிறார் நூலகர் அக்கா.

ஜெராக்ஸ் மெஷின் இருக்கிற அறையில்தான் கூட்டம். இந்த முறை மூன்று தொடர்கள். ஒன்று, லிப்டுக்குள் இயங்கும் பேய்ப் பள்ளிக்கூடம். அதில் பேய்களைவிட வாத்தியார்தான் பயமுறுத்துகிறார். இன்னொன்று, துப்பறியும் இரட்டையர். திருடன் யார் என்று எனக்குப் பத்தாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது, பாவம், அவர்களுக்கு நூறு பக்கம் ஆகிறது. மூன்றாவது என்ன தெரியுமா? நீங்கள் எழுதுகிற தேனீ! நான்காம் பாகம்!

முதல் மூன்று பாகங்களும் இங்கே கிழிந்து, ஒட்டி, மறுபடி கிழிந்து கிடக்கின்றன. நீங்கள் என் அத்தை என்று நான் மூச்சு விடவில்லை. சொன்னால் 'சொந்தக்காரிக்கு ஓட்டுப் போடுறா' என்பார்கள்.

உங்கள்
குளவி


ஜூன் 14

என் குளவிக்குட்டிக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். என் மருமகள் நீதிபதி ஆகிவிட்டாள்! இனி உன்னைப் பகைத்துக்கொண்டால் என் பிழைப்பு போய்விடும்.

மிக்ஸி விஷயம் புரிந்தது. அண்ணன் உங்களை விட்டுத் தனியாகப் போய் இரண்டு வருடம் ஆகிறது, அண்ணி இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம். போகட்டும்.

நான்காம் பாகத்தைக் கடைசியாகப் படி. அதில் உனக்கென்று ஒரு பரிசு வைத்திருக்கிறேன். தேனீ யார் என்று உனக்கு முதல் பாகத்திலேயே தெரியும். சுருட்டை முடியும் வாய் நிறையக் கேள்வியும் வேறு யாருக்கு இருக்கிறது? குளவி என்று பெயர் வைத்தால் குழந்தைகள் பயப்படும் என்று பதிப்பாளர் சொன்னார், அதனால் தேனீ ஆனாள். அடுத்த மாதம் பத்தாம் தேதி புத்தகம் அச்சுக்குப் போகிறது. படித்ததும் எழுது. புகழ்வதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அன்புடன்
அத்தை


ஜூன் 19

அத்தைக்கு,

'அன்பான' இந்த முறை இல்லை. கவனித்திருப்பீர்கள்.

ஏழாம் அத்தியாயம் படித்தேன். தேனீ பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பஸ் ஏறி, அப்பா தனியாக இருக்கிற வீட்டுக்குப் போகிறாள். மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருக்கிறாள். அதை நான் உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன் என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தீர்கள்.

அதுகூடப் போகட்டும். புத்தகத்தில் அந்த அப்பா என்ன செய்கிறார்? ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். தேம்பித் தேம்பி அழுகிறார். பெட்டியை எடுத்துக்கொண்டு அவளோடு அடுத்த பஸ்ஸிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

அப்பா வரவில்லை, அத்தை. உங்களுக்கு நன்றாகத் தெரியும். கதவைப் பாதி சாத்திக்கொண்டு வெளியே வந்தார். "யார்கிட்ட சொல்லிட்டு வந்தே?" என்று கேட்டார். ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கையில் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டார். "ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்" என்றார். எந்த ஞாயிறு என்று நான்தான் கேட்காமல் விட்டுவிட்டேன்.

என்னைக் கதையில் போடுவதென்றால் போடுங்கள். நடந்ததை நடந்தபடி போடுங்கள். இல்லையென்றால் ஏழாம் அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். இரண்டும் முடியாதென்றால் எதிர்த்து ஓட்டுப் போடுவேன். அத்தை என்றும் பார்க்க மாட்டேன்.

குளவி


ஜூன் 27

கோபக்காரிக்கு,

உன் கடிதம் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் நான் சொல்வதையும் கொஞ்சம் கேள்.

அவன் உனக்கு அப்பா. எனக்கு அண்ணன். என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துத் தினமும் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டவன். வழியில் மழை வந்தால் தன் சட்டையைக் கழற்றி என் பையை மூடுவான். அவன் உனக்குச் செய்திருக்க வேண்டியதை எழுதினேன். உனக்குக் கிடைக்காதது தேனீக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். இது குற்றமா?

பத்து வயதுக் குழந்தை புத்தகத்தை மூடும்போது நிம்மதியாக மூட வேண்டும். பதிப்பாளரும் அதைத்தான் சொல்கிறார்: "அழவைங்க, வேண்டாங்கலை. கடைசிப் பக்கத்துக்குள்ள கண்ணைத் தொடைச்சு விட்டுடுங்க." பக்கங்கள் எல்லாம் தயாராகிவிட்டன. இனி மாற்றுவதற்கில்லை. பெரியவளானால் உனக்கே புரியும்.

ஓட்டு உன் உரிமை. ஆனால் உன் தலையில் நீயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளாதே.

அத்தை


ஜூலை 5

அத்தைக்கு,

பெரியவளானால் புரியும் என்று எழுதியிருந்தீர்கள். அதுவரை காத்திருக்க நேரமில்லாமல் போய்விட்டது. நேற்று கூட்டம் நடந்தது.

பேய்ப் பள்ளிக்கூடத்துக்கு ஐந்து ஓட்டு. இரட்டையருக்கு ஒன்று, அதையும் யார் போட்டது என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு தேனீ. எல்லோருக்கும் பிடித்திருந்தது. என்ன காரணம் சொல்லி எதிர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. 'நடை சரியில்லை' என்று புளுகலாமா என்றுகூட யோசித்தேன்.

எங்கள் குழுவில் ஒரு கடைக்குட்டி இருக்கிறாள். ஒன்பது வயது. வாயைத் திறக்கவே மாட்டாள். நேற்று அவள் கையைத் தூக்கினாள். "தேனீ எந்த பஸ்ல போனா? நம்பர் போடலியே" என்றாள்.

"எதுக்கும்மா?" என்று கேட்டார் நூலகர் அக்கா.

"எங்கப்பாவும் போயிட்டாரு. நானும் போய்க் கூட்டிட்டு வந்துடுவேன். பையில துணியெல்லாம் எடுத்து வெச்சிட்டேன்."

அந்த மாடிப்படியில் அவள் உட்கார்ந்திருப்பது கண் முன்னால் தெரிந்தது, அத்தை. எழுந்து நின்றேன்.

"தேனீ நான்தான். எழுதினது என் அத்தை. நான் போனேன், எங்கப்பா வரலை. பிஸ்கட் வாங்கிக் குடுத்துத் திருப்பி அனுப்பிட்டாரு. நீ போகாதே" என்றேன். யாருக்கும் தெரியக் கூடாது என்று இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை ஐந்து பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டேன். சொன்ன பிறகு எனக்கு வெட்கமாகவே இல்லை. வெட்கப்பட வேண்டியவள் நானா?

கடைக்குட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப புத்தகத்துல ஏன் பொய் போட்டாங்க?" என்றாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டுவிட்டேன். பதிலை அவளுக்கே எழுதுங்கள். நூலகர் அக்கா அப்போதே அவள் அம்மாவை வரவழைத்துப் பேசினார். பையில் இரண்டு கவுன் இருந்தனவாம், அப்பாவின் சீப்பும் இருந்ததாம்.

சொந்தக்காரி ஓட்டுப் போடக் கூடாது என்று என் ஓட்டை நானே விட்டுக்கொடுத்தேன். மற்ற நான்கு பேரில் ஒருவரும் ஓட்டுப் போடவில்லை. நான்காம் பாகம் எங்கள் நூலகத்துக்கு வராது.

குளவி


ஜூலை 9

குளவிக்கு,

அச்சை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பதிப்பாளர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "ஏதோ ஒரு நூலகத்துல நாலஞ்சு பொடிசுங்க சொன்னதுக்காகவா?" என்றார். "ஆமா, அதுங்க சொன்னதுக்காகத்தான்" என்றேன். தொடரையே கைவிடப் போவதாக மிரட்டுகிறார். விடட்டும்.

கடைக்குட்டிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். என் அண்ணன் நல்லவனாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, அதனால்தான் பொய் எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். வேறு சமாதானம் சொல்லவில்லை.

ஏழாம் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். தேனீயைத் திரும்புகிற பஸ்ஸில் ஏற்றியாயிற்று. அதற்குமேல் பேனா நகர மாட்டேன் என்கிறது. அப்பா வரவில்லையென்றால் இந்தக் கதை எங்கேதான் முடியும்? நீயே சொல்.

அத்தை


ஜூலை 14

அத்தைக்கு,

எங்கள் பஸ் ஸ்டாப்பில் முடியும்.

அன்றைக்கு நான் பஸ் ஏறினதுவரை சொன்னதுமே நீங்கள் அழ ஆரம்பித்துவிட்டீர்கள். அப்புறம் என்ன ஆயிற்று என்று இன்றுவரை கேட்கவில்லை. உங்கள் புத்தகத்தில் தேனீயின் அம்மாவுக்கு என்ன வேலை தெரியுமா? தேடிப் பார்த்தேன். சமையலறையில் ஒருமுறை இருமுகிறாள். அவ்வளவுதான்.

என் அம்மா ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். நான் வீடு திரும்பவில்லை என்று தெரிந்ததும் மருந்துக் கடையில் பாதி வேலையில் கிளம்பி ஓடிவந்திருக்கிறாள், கடையில் போடுகிற வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வந்து நின்ற ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி, சீட்டு சீட்டாகப் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறாள். கண்டக்டர்கள் கண்டபடி திட்டியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் பளாரென்று ஓர் அறை விட்டாள். பிறகு என் கையைப் பிடித்தாள். வீடு வரைக்கும் விடவில்லை. வீட்டுக்குள் வந்தும் விடவில்லை. ஒரே கையால் பூட்டைத் திறந்தாள், ஒரே கையால் அடுப்பைப் பற்றவைத்தாள், எனக்குச் சோறு போட்டாள்.

அதை எழுதுங்கள். அந்த அறையை மட்டும் முத்தமாக மாற்றிவிடாதீர்கள்.

குளவி