நீ போட மறுத்த முகமூடி

மச்சான்,

நேற்று புரோசார்டில் ஒரு கடைக்கு, மகள் பனிமேல் ஸ்னோமொபைல் வண்டி ஓடுவதற்கு உடுப்பு எடுக்கப் போயிருந்தேன். கூடப் படிக்கும் பிள்ளையின் வீட்டார் இந்தச் சனிக்கிழமை அவளையும் கூட்டிப் போகிறார்களாம். ஹெல்மெட்டுக்குள் போடும் கறுப்புத் துணி முகமூடி ஒன்றைக் கையில் எடுத்தேன். அவள் அதைப் பிடுங்கித் தலைக்குள்ளால் இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். கண் இரண்டு மட்டும் தெரிந்தன. என் பிள்ளைதான் என்று தெரிந்தும் ஓர் அடி பின்னுக்கு வைத்தேன். "அப்பா, ஓகேயோ?" என்றாள். ஓம் என்றேன். நீ கண்ணை மூடி ஒரு வருடமாகப் போகிறது.

வில்லரேயில் தளபாடத் தொழிற்சாலையில் நாம் பக்கத்துப் பக்கத்து மேசையில் நின்ற காலம் நினைவுக்கு வந்தது. மேற்பார்வையாளர் மிஷேல் வடக்கே ஏரிக்கரையில் இருந்த தன் சிறிய மரவீட்டுக்கு, ஸ்னோமொபைல் ஓட, நம்மை அழைத்திருந்தான். நாம் போன கோலம் நினைவிருக்கிறதா? ஆளுக்கு மூன்று பருத்திப் பெனியன், அதன்மேல் சேட்டு, இரண்டு ஜீன்ஸ், இரண்டு சோடி காலுறை. அகதியாக வந்து இறங்கிய முதல் குளிரில் நம் ஆட்கள் கண்டுபிடித்த வைத்தியம் அது. கிடந்ததை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றுவது.

மிஷேல் தலையில் கைவைத்தான். பருத்தி வியர்வையைக் குடிக்கும், பிறகு அந்த ஈரமே ஆளை விறைக்கவைக்கும் என்று எல்லாவற்றையும் கழற்றச் சொன்னான். வியர்வை தங்காத உள்ளுடுப்பு, அதன்மேல் கம்பளி, அதன்மேல் காற்றுப் புகாத முழு உடுப்பு. காலுறை ஒன்றுதான், சப்பாத்துக்குள் விரல் அசைய வேண்டும். உன் மனைவி பின்னித் தந்த நீளச் சால்வையையும் வாங்கி ஆணியில் மாட்டினான். தொங்குகிற எதுவும் வண்டிக்கு அடியில் ஓடும் பட்டியில் சிக்கினால் கழுத்து போய்விடும் என்றான். ஹெல்மெட்டைப் போட்டுத் தலையை உலுப்பச் சொன்னான். தனியே ஆடினால் அது நம் அளவில்லை.

"கலியாண மாப்பிள்ளையை வெளிக்கிடுத்துற மாதிரியெல்லோ கிடக்கு" என்று நீ சிரித்தாய்.

கடைசியாக முகமூடியைத் தந்தான். நான் போட்டுக்கொண்டு உன் பக்கம் திரும்பினேன். ஹெல்மெட் உன் கையிலிருந்து விழுந்தது. நீ பின்னுக்குப் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றாய்.

"மச்சான், நான்தானடா."

"கழட்டு. அதை நான் போடமாட்டன்."

"முகம் விறைச்சுப் போகுமடா. விசரே உனக்கு?"

"விறைக்கட்டும்."

எனக்கு விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்தேன். ஊரில் ஆமி சுற்றிவளைக்கும்போது ஆட்களை வரிசையாக நிறுத்துவார்கள். சாக்கால் மூடிய ஒருவன் இரண்டு ஓட்டைக்குள்ளால் பார்த்துத் தலையாட்டுவான். ஆட்டினால் அவனுக்கு எதிரில் நிற்கும் ஆள் போனதுதான். அப்படி அகப்பட்டுத் தப்பியவன் நீ என்று நினைத்துக்கொண்டேன்.

நீ வெறும் முகத்தில் ஹெல்மெட்டைப் போட்டு ஓடினாய். மூச்சு பட்டு ஹெல்மெட் கண்ணாடி பனிப்புகார் பிடித்து மறைத்திருக்கும், அதை மேலே தூக்கிவிட்டாய். பின்னால் வந்த எனக்கு அது தெரிந்தது. கத்தினேன், கேட்கவில்லை. ஏரியின் நடுவில் உன் வண்டி நின்றது. மிஷேல் முன்னால் எங்கோ போய்விட்டான். ஓடிவந்து பார்த்தேன். உன் கன்னத்தில் ஒரு துண்டு, மெழுகுதிரி மாதிரி வெள்ளை.

"நோகுதே?"

"இல்லை. ஒண்டும் தெரியேல்லை."

நோகவில்லை என்றதுதான் எனக்கு இன்னும் பயம். தேய்க்கக்கூடாது என்று மிஷேல் சொல்லியிருந்தான். கையுறையைக் கழற்றி, சூடாக இருந்த உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்தேன். "என்ரையைத் தாறன், போடு" என்று கெஞ்சினேன்.

"நீ அதைக் கழட்டு. பேந்து சொல்லுறன்."

கழற்றினேன். நீ என் முகத்தை நன்றாகப் பார்த்தாய்.

"சாக்குக்குள்ளை நிண்டது நான்தான் மச்சான். அடிச்சுப்போட்டுக் கொண்டுவந்து நிப்பாட்டினவங்கள். ஆட்டாட்டி என்னை முடிப்பம் எண்டவங்கள். ஆட்டினனான்."

எங்கள் அண்ணையை அப்படி ஒரு தலையாட்டலில்தான் பிடித்தார்கள். திரும்பி வரவில்லை. அதை உனக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. எந்த ஊரில் என்று கேட்க வாய் வந்தது. என் கை உன் கன்னத்தில் இருந்தது. எடுத்தால் உன் சதை செத்துவிடும் என்று தெரியும். எடுக்க வேண்டும் என்றும் இருந்தது. மிஷேலின் வண்டிச் சத்தம் திரும்பி வரும்வரை எடுக்கவில்லை.

அதன்பிறகு ஆறு குளிர்காலம் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். மத்தியானச் சாப்பாட்டைப் பங்கிட்டோம். நான் கேட்கவில்லை. போன வருடம் ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்து, "உனக்கு என்னட்டை ஏதும் கேக்கக் கிடக்கோ?" என்றாய்.

"ஒண்டுமில்லை. படு" என்றேன்.

உன்னைக் களைப்பாக்கக்கூடாது என்று சொன்னதாக எல்லோரும் நினைத்தார்கள். அது பொய் மச்சான். நீ எங்கள் ஊரின் பெயரைச் சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். இன்றும் பயப்படுகிறேன்.