பலகையில் நான் எழுதிய சொல்

யாங்கோன்
9.2.2004

அன்புள்ள மகன் டேனிக்கு, அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நாங்கள் மூவரும் மூச்சோடும் சோற்றோடும் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்க அம்மா காலையும் மாலையும் ஜெபிக்கிறாள். அவளுக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் ஏறும்போதெல்லாம் மாடிப்படியைத் திட்டுவது குறையவில்லை. ஜாஸ்லின் வேலை பார்த்த ஷ்வேப்யிதா தையல் ஆலையை மூடிவிட்டார்கள், அமெரிக்கா இனி நம் துணியை வாங்காதாம். அண்ணனை வைத்துக்கொண்ட நாடு தங்கையை வீட்டுக்கு அனுப்பிவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் கடிதம் போன செவ்வாய் வந்தது. அஜ்மலின் அறையை விட்டு வந்துவிட்டேன், அப்பா சொன்னது சரி, அவர்களோடு ஒட்டாது என்று எழுதியிருக்கிறாய். உனக்கு வேலை தேடிக் கொடுத்து, தன் கட்டிலையும் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்த பையன் அவன். அந்த வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட என்னால் முடியவில்லை, ஏனென்றால் அது என் வரி.

கோழி ஆலைக்கு உங்களை வேனில் ஏற்றிப்போகும் மேற்பார்வையாளர் தினமும் போடுகிற ரேடியோப் பேச்சு, பாதி புரியவில்லை, கேட்டு விளக்குங்கள் அப்பா என்று நீதான் போன ஆகஸ்டில் கேசட் அனுப்பினாய். எண்பத்தெட்டிலிருந்து வெளிநாட்டு ரேடியோவைப் போர்வைக்குள் வைத்துக் கேட்டவன் நான். இந்த ஊரில் உண்மை என்பது வெளியிலிருந்து, ஆங்கிலத்தில், சன்னமாகத்தான் வரும். அந்தப் பழக்கத்தில் நம்பினேன் என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அது முழு உண்மை இல்லை. முஸ்லிம்கள் வந்த நாட்டோடு சேரமாட்டார்கள், பெருகுவார்கள், காத்திருப்பார்கள், திருப்பி அனுப்பு என்று அந்த ரேடியோ ஆள் முழங்கியபோது எனக்கு இனித்தது. எண்பத்தெட்டில் ராணுவம் தெருவில் சுடுகிறது என்று ஓடிவந்து அஜ்மலின் அப்பா பீர் முகைதீன் கடைக்கதவைத் தட்டினேன், உள்ளே ஆள் நடமாட்டம் கேட்டது, கதவு திறக்கவில்லை. அதற்காக அவர்களை யாராவது ஏசிக் கேட்கவேண்டும் என்று பதினைந்து வருடம் காத்திருந்திருக்கிறேன். அந்த மனிதர் சொல்வது சரி, அவரிடம் ஆங்கிலம் படி என்று உனக்கு எழுதினேன்.

எழுதாதது ஒன்று உண்டு. சனிக்கிழமை டியூஷனில் அந்தக் கேசட்டையே பாடமாக வைத்தேன். ஒரு வாக்கியம் ஓடவிட்டு நிறுத்தி, பலகையில் பர்மிய மொழியில் அர்த்தம் எழுதும் என் வழக்கம் உனக்குத் தெரியும். முஸ்லிம் என்பதற்குப் பர்மியர் பாஷையில் மரியாதையான சொல் இருக்கிறது. திருப்பி அனுப்பு என்ற வாக்கியத்தில் நான் அதை விட்டுவிட்டு ‘கலா’ என்று எழுதினேன். இந்தியாவிலிருந்து வந்த கறுத்த முகம் எல்லாவற்றையும் சேர்த்து அவர்கள் சொல்லும் சொல், அலுவலகத்தில் முப்பது வருடம் என் முதுகுக்குப் பின்னால் கேட்ட சொல், பதவி உயர்வில் என்னைத் தாண்டிப்போன தற்குறிகள் சொன்ன சொல். முன்வரிசையில் மா கின் என்ற பெண், கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், கையைத் தூக்கி, “அப்ப ஸயா, நீங்க எப்ப கிளம்புறீங்க?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் டேனி. பலகையை அழித்திருக்கலாம், அழிக்கவில்லை.

அடுத்த வாரம் பீர் முகைதீன் வீட்டுக்கே வந்தார். “வாத்தியாரே, உங்க டியூஷன் புள்ளைங்க கடை முன்னாடி நின்னு இங்கிலீசுல பேக், பேக்குன்னு கத்துச்சுங்க. பை கேக்குதுங்கன்னு ஆளுக்கொரு பை எடுத்துக் குடுத்தேன், விழுந்து விழுந்து சிரிச்சுதுங்க. நான் வெளங்கிக்கிட்டது சரிதானே?” என்றார். அவர்கள் கத்தியது செண்ட் தெம் பேக், திருப்பி அனுப்பு என்று. உச்சரிப்பு நான் திருத்திக் கொடுத்தது. சரிதான் பாய் என்றேன். “டேனி வெள்ளக்காரன் மாதிரி பேசுறானாம், அஜ்மல் போன்ல சொன்னான், எல்லாம் உங்க வளர்ப்பு” என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்காலியைவிட்டு நான் எழுந்திருக்கக்கூட இல்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் கேசட்டின் மறுபக்கத்தைப் போட்டேன், ஒரு பக்கத்தோடு திருப்திப்பட்டு அதுவரை தொடவில்லை. எங்கிருந்தோ வந்து கோழி வெட்டிப் பிழைக்கிறவர்களையும் அதே குரலில்தான் விரட்டச் சொல்கிறான். அஜ்மல் முதல் பக்கம் என்றால் நீ இரண்டாம் பக்கம், அவ்வளவுதான். அந்தக் கதவை நான் இன்றும் மன்னிக்கவில்லை, மன்னித்தேன் என்று எழுதினால் பொய். ஆனால் அது பயந்துபோன ஒரு மனிதன் மூடிய கதவு. அதற்கு அவருடைய ஜாதிஜனத்தையே தண்டிக்கப் பார்த்தேன், உன்னையும் அதில் இழுத்துவிட்டேன்.

வேனை மாற்ற முடியாவிட்டால் காதில் பஞ்சாவது வைத்துக்கொள். கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே இறங்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, அம்மாவின் முத்தங்கள். வரும் சனிக்கிழமை கடைக்குப் போய், பேக் என்றால் என்ன என்று பாயிடம் என் வாயால் சொல்லப்போகிறேன். இது உன் கைக்கு வரும்போது சொல்லி முடித்திருப்பேன், இல்லை, வாசல்வரை போய்த் திரும்பியிருப்பேன். எது நடந்தது என்று என்னைக் கேட்காதே, நான் மழுப்பிவிடுவேன். ஞாயிறுதோறும் தன் அப்பாவோடு பேசுகிற அஜ்மலுக்குத் தெரிந்திருக்கும். அவனிடம் போய்க் கேள்.

உன் அப்பா,
சா. பால்