விரிசல் விட்ட சோள ரொட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

மெக்சிகன் சமையல் தெரியும் என்று பொய் சொல்லித்தான் இந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். நேற்று வீட்டுக்கார அம்மா, "எட்டுப் பேர் வராங்க. ஹோட்டல்ல மாதிரி டாக்கோ வேணும். சரியா வரலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்றார். டாக்கோவுக்கான சோளமாவு ரொட்டி இரண்டு முறை விரிசல் விட்டது. மூன்றாவது முறை, நீ அரிசி மாவுக்குச் செய்வதுபோல் கொதிநீர் விட்டுப் பிசைந்தேன். கறி வைத்து மடித்தும் உடையவில்லை. எல்லாரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

"யாரு சொல்லிக் கொடுத்தது?" என்றார் வீட்டுக்கார அம்மா.

"எங்கம்மா" என்றேன்.

ரொட்டி சுட்டபோது விரலில் பட்டது சின்னச் சூடுதான், ஆறிவிடும். யாராவது இந்தப் பக்கம் வந்தால் உன் பழைய நூல் புடவை ஒன்றைக் கொடுத்தனுப்பு. சூடான பாத்திரம் பிடிக்கத்தான். துவைக்க வேண்டாம்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் மகள்