பல்லியாரின் கண்ணுக்குப் பால் மறுத்த வீடு

12.09.1979, புதன். கனகராயன்குளம்.

இந்த வீட்டில் தர்மம் செத்துப்போய்விட்டது. கதவிடுக்கில் நசுங்கவிருந்த பல்லியாரை நான் மீட்டுப் போத்தலில் வைத்துக் காப்பாற்றுகிறேன். அவருக்கு இப்போது இரண்டு கண்ணும் பீளை கட்டி மூடிவிட்டன. இரை தெரியாமல் பட்டினி கிடந்து, தோலுக்குள்ளால் விலா எலும்பு தெரிகிறது.

கண்நோவுக்குத் தாய்ப்பால் விடுவது ஊரறிந்த வைத்தியம். அக்காவின் மகள் கைக்குழந்தைக்காரி. அவளிடம் இரண்டு சொட்டு வாங்கித் தரும்படி, அரசசபையில் நிற்கும் புலவனைப் போல அக்காவிடம் விண்ணப்பித்தேன்.

"பல்லிக்கோ? உனக்கென்ன விசரே?"

"போன மாசம் பசுக்கண்டின்ர கண்ணுக்குக் குடுத்தனீங்கள்தானே, அக்கா?"

"கண்டு வளந்தா எங்களுக்குப் பால் தரும். உன்ர பல்லி என்ன தரும்?"

உள்ளேயிருந்து அக்கா மகளின் குரல் வந்தது. "மாமா, முதல்ல உங்கட மூளைக்கு மருந்து விடுங்கோ."

இந்த அவமதிப்பைக் கேட்டு ஓமந்தை வரைக்கும் காட்டு மரமெல்லாம் தலைகுனிந்திருக்கும்.

ஆறிய வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துப் பார்த்தேன். பீளை அசையவில்லை. விளக்கடியில் விழுந்த அந்துப்பூச்சியை வாயருகே நீட்டினேன். அவர் வாயைத் திறக்கவில்லை. அக்காவின் மேலிருந்த கோபத்தில் அவருடைய மூக்கில் தட்டிவிட்டேன். உடனே என் விரலைக் கவ்வினார். முதலைக்குக்கூட அந்தப் பிடி வராது. விரலை உருவிய கையோடு பூச்சியை அந்த வாய்க்குள் தள்ளினேன்.

விழுங்கிவிட்டார்.

இன்னும் ஒன்பது விரல் இருக்கிறது. இந்த வீட்டில் எவரிடமும் நான் இனிக் கேட்கப் போவதில்லை.