கூண்டுக்குள்ள இருந்து

பாப்பாவோட அம்மாவுக்கு,

நீங்க ரெண்டு பேரும் சுகமா? எங்கம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? நான் நல்லா இருக்கேன்.

இங்க ஒரு கூத்து. ஆள் நிக்கிற அளவு பெரிய தூணுக்கு, காங்கிரீட் ஊத்துறதுக்கு முன்னாடி, உள்ள நின்னு கம்பி கட்டினேன். நாலு பக்கமும் கட்டி முடிச்சுட்டுப் பார்த்தா வெளிய வர வழியில்ல. என்னை நானே கூண்டுல அடைச்சுக்கிட்டேன். கட்டின கம்பியை வெட்டித்தான் என்னை வெளிய எடுத்தாங்க. சைட்டே சிரிச்சுது, நீயும் சிரி.

"ஏன்யா, ஒரு குரல் கொடுத்திருக்கலாம்ல?"ன்னு மேஸ்திரி கேட்டார். ரொம்ப நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன், கூப்பிடணும்னே தோணல.

அதுக்காக, மனசு சரியில்லாதவங்களைப் பார்க்கிற டாக்டரம்மாகிட்ட அனுப்பினாங்க. தன்மையாத்தான் கேட்டாங்க. ஆனா மேஸ்திரி பக்கத்துலயே நின்னார். உள்ளதைச் சொன்னா ஊருக்கு ஏத்திவிட்டுடுவாங்கன்னு ரூம்ல பேச்சு. நம்ம வீடு பாதியில நிக்கும்போது எங்க வர்றது? நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஊர்ல இருந்து வர்றவங்ககிட்ட தலைவலித் தைலம் கொடுத்தனுப்பு. பாப்பா வரைஞ்ச படம் ஏதாவது இருந்தா அதையும் வை.

வேன் வந்துடுச்சு, முடிக்கிறேன். இனிமே போன்ல எப்படி இருக்கீங்கன்னு கேட்காதே. நல்லா இருக்கேன்னு சொல்லிச் சொல்லி வாய் பழகிடுச்சு. ஏன் குரல் கொடுக்கலன்னு கேளு. நான் பேச்சை மாத்தினாலும் விடாம கேளு.

பாப்பாவோட அப்பா